ஈரல் கிழிந்தாலும் வயிற்றைத் திறக்காமல் ரத்தத்தை நிறுத்துவது எப்படி?

"ஈரல் கிழிஞ்சிருக்குங்கிறாங்க, உள்ள ரத்தம் தேங்கி நிக்குதுங்கிறாங்க, ஆனா ஆபரேஷனும் பண்ணாம சும்மா படுக்க வச்சிருக்காங்க மாமா." தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில் கொஞ்ச நேரம் நின்றால், விபத்தில் அடிபட்டவரின் சொந்தக்காரர் யாராவது போனில் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழும்.

கோபம் புரிகிறது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது என்றால் திறந்து தைக்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும், ஐம்பது வருடத்துக்கு முன்னால் டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்று பெரும்பாலான கல்லீரல் ஊமைக்காயங்களுக்கு, அதாவது வெளியே தோல் கிழியாமல் உள்ளே மட்டும் படுகிற காயங்களுக்கு, கத்தியே வைப்பதில்லை. மோசமான காயமாக இருந்தாலும் பிபி நிலையாக நின்றால், தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே ஈரல் வரை போய், கசிகிற கிளையை மட்டும் அடைத்துவிட்டு வெளியே வந்துவிட முடிகிறது. இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டால் வாசலில் நிற்கிறவர்களுக்குப் பாதி பயம் குறையும். மீதிப் பாதி இருக்க வேண்டிய பயம்தான்.

முதலில் ஈரலைப் பற்றிக் கொஞ்சம். வலது பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடை. இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதற்குள் போய் வருகிறது, அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில். ஒரு ஆளின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஐந்து லிட்டர் சொச்சம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஈரல் கிழிவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இந்த ரத்தம் ஒரே வழியாக வருவதில்லை. கல்லீரல் தமனி என்கிற சுத்த ரத்தக்குழாய் கால் பங்கைக் கொண்டுவருகிறது, அதில் அழுத்தம் அதிகம், நாம் கையில் பட்டி கட்டிப் பார்க்கிற அதே 120 என்கிற ரகம். குடலிலிருந்து சத்துகளைச் சுமந்துகொண்டு வருகிற போர்ட்டல் சிரை மீதி முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது, ஆனால் அதில் அழுத்தம் சாதாரணமாகப் பத்துக்குள்தான். உள்ளே வேலை முடிந்த ரத்தம் கல்லீரல் சிரைகள் வழியாகப் பின்பக்கம் இருக்கிற பெருஞ்சிரைக்குப் போய்விடுகிறது. கூடவே பித்தநீர்க் குழாய்களும் எல்லா இடத்திலும் ஓடுகின்றன. ஆக ஈரல் கிழிந்தால் தமனி, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரை, பித்தக்குழாய் இந்த நான்கில் எது வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம். தமனி அறுந்தால் ரத்தம் பீறிடும், தானாக நிற்பது கஷ்டம். சிரைகளில் அழுத்தம் குறைவு என்பதால், சுற்றி ரத்தம் உறைந்து ஒரு அழுத்தம் கொடுத்தாலே பல நேரம் நின்றுவிடும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்ம பக்கம் இந்தக் காயம் எப்படி ஏற்படுகிறது என்றால், பெரும்பாலும் பைக்தான். ஆற்றங்கரை ரோட்டில் ராத்திரி வருகிறபோது வளைவு தெரியாமல் மதகுக் கட்டையில் மோதுவது, குறுக்கே மாடு வருவது, அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே காயப்போட்டிருக்கிற நெல்லில் சக்கரம் வழுக்குவது. விழுகிறபோது ஹேண்டில்பார் முனை வலது விலாவுக்குக் கீழே குத்தும். சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் இதே ஹேண்டில்பார்தான் எமன், பிள்ளைகளின் விலா எலும்பு வளைந்துகொடுக்கும் என்பதால் எலும்பு முறியாமலே உள்ளே ஈரல் கிழிந்திருக்கும். வரப்பிலிருந்து வாய்க்காலில் கவிழ்கிற டிராக்டர், சேற்றில் சாய்கிற பவர் டில்லர், தென்னை மரத்திலிருந்து விழுகிறவர்கள், பொங்கல் முடிந்து ஜல்லிக்கட்டு சீசனில் மாடு முட்டி வருகிறவர்கள் என்று மீதி.

இதில் தொல்லை என்னவென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் கன்றிப்போன தோல், அவ்வளவுதான். ஆள் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்" என்பார். சிலருக்கு வலது தோள்பட்டை வலிக்கும், தோளில் அடியே பட்டிருக்காது. உதரவிதானத்தைத் தொட்டுக்கொண்டு தேங்குகிற ரத்தம் அதற்குப் போகிற நரம்பைச் சீண்டுவதால் வருகிற வலி அது. முகம் வெளுப்பது, உள்ளங்கை ஜில்லென்று வியர்ப்பது, நாடி வேகமாக ஓடுவது, தாகம் எடுப்பது, காரணமில்லாமல் பதறுவது இவையெல்லாம் உள்ளே ரத்தம் போகிறது என்பதற்கான அடையாளம். பிபி நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. திடமான இளவட்டங்களுக்கு மொத்த ரத்தத்தில் முப்பது சதவீதம் வரை போகும்வரைக்கும் உடம்பு குழாய்களை இறுக்கிப் பிபியைத் தாங்கிப் பிடித்துவிடும், அதற்கு அப்புறம் சட்டென்று விழும். அதனால்தான் எமர்ஜென்சியில் பிபியைவிட நாடியை அதிகம் பார்க்கிறார்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. முதல் கேள்வி "ஈரல் எவ்வளவு கிழிந்திருக்கிறது" என்பது இல்லை. "இவருக்கு பிபி நிலையாக நிற்கிறதா" என்பதுதான் முதல் கேள்வி, இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிற ஃபாஸ்ட் ஸ்கேன் என்கிற அல்ட்ராசவுண்டில் சில நிமிடத்தில் வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரத்தம் இருக்கிறது, ரத்தம் ஏற்றியும் பிபி ஏறவில்லை என்றால் ஸ்கேன் ரூமுக்கெல்லாம் கொண்டுபோக மாட்டார்கள், நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். ரத்தம் ஏற்றியதும் பிபி ஏறி அப்படியே நிற்கிறது என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்க நேரம் கிடைக்கிறது. சிகிச்சையின் பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

தியேட்டருக்குப் போகிறவர்களுக்கு என்ன செய்வார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கும் உயிர் காக்கிற வழிதான். வயிற்றைத் திறந்து, ஈரலுக்குள் ரத்தம் நுழைகிற காம்பை விரலாலோ கிடுக்கியாலோ இறுக்கிப் பிடிப்பார்கள். கிளாஸ்கோவில் இருந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்கிற சர்ஜன் 1908-ல் எழுதிவைத்த உத்தி இது, அவர் பேரிலேயே இன்றும் வழங்குகிறது. பிடித்துக்கொண்டே ஈரலைச் சுற்றிப் பெரிய துணிப் பட்டைகளை வைத்து அமுக்கி, வயிற்றை முழுசாக மூடாமலே ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று நாளில் திரும்பவும் திறந்து துணியை எடுப்பார்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்று மணிக்கணக்கில் நின்றால் ஆள் மேஜையிலேயே போய்விடுவார் என்பது அனுபவத்தில் கற்ற பாடம். ரத்தம் நிறைய போனவரின் உடம்பு குளிர்ந்துவிடும், ரத்தத்தில் அமிலம் கூடும், அதனால் ரத்தம் உறைகிற சக்தி போகும், உறையாததால் இன்னும் ரத்தம் போகும். சித்திரை வெயிலில் விழுந்தவருக்கும் இந்தக் குளிர்ச்சி வரும், போர்வை போடுங்கள் என்று 108-ல் வருகிறவர்கள் சொல்வது அதற்காகத்தான்.

அப்படியென்றால் பிபி நிற்கிறவர்களையும் திறந்து பார்த்துவிட்டால் என்ன? அப்படிச் செய்துகொண்டிருந்த காலத்தில், திறந்து பார்த்தால் பலருக்கு ரத்தம் ஏற்கெனவே தானாக நின்றிருந்தது. நின்றிருந்ததைத் திறந்ததால் உள்ளே இருந்த அழுத்தம் விலகி, உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து, திரும்பக் கசிய ஆரம்பிக்கிற கொடுமையும் நடந்தது. இந்த எண்ணத்தை மாற்றியது முதலில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர்கள். ஈரலில் இல்லை, மண்ணீரலில். 1968-ல் உபாத்யாயா என்ற நம் நாட்டு டாக்டரும் சிம்ப்சன் என்பவரும் கனடாவின் டொராண்டோவில் மண்ணீரலில் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, திறக்காமலே காத்திருந்து பார்க்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது. அப்புறம் எழுபதுகளில் சி.டி. ஸ்கேன் வந்து, திறக்காமலே உள்ளே பார்க்கிற வழியும் கிடைத்ததும், அதே யோசனை ஈரலுக்கும் பெரியவர்களுக்கும் பரவியது. "சும்மா படுக்க வச்சிருக்காங்க" என்பதற்குப் பின்னால் இத்தனை வருட யோசனை இருக்கிறது. சும்மா என்பதும் சரியில்லை. மணிக்கு மணி நாடி, பிபி, சிறுநீர் அளவு, நாலைந்து மணிக்கு ஒருதரம் ஹீமோகுளோபின், அதே சர்ஜன் திரும்பத் திரும்ப வந்து வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது, தியேட்டரும் ரத்தமும் தயாராக இருப்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தச் சும்மா. இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் காத்திருப்பது ஆபத்து, அங்கிருந்து மாற்றிவிடத்தான் வேண்டும்.

சி.டி. எடுக்கிறபோது கையில் ஊசி வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவார்கள், உடம்பெல்லாம் சூடு பரவுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். அந்த மருந்து ரத்தக்குழாய்களில் ஓடும்போது படத்தில் வெள்ளையாகத் தெரியும். குழாய்க்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அங்கே ரத்தம் இந்த நிமிடமும் கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் கிரேடு 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள், அமெரிக்காவின் விபத்து சர்ஜன்கள் சங்கம் 1989-ல் வகுத்து 1994-லும் 2018-லும் திருத்திய அளவுகோல் அது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கிழிந்திருந்தால் 1, மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் 3, ஈரலின் ஒரு மடலில், அதாவது ஒரு பக்கப் பிரிவில், முக்கால்வாசிக்கு மேல் சிதைந்திருந்தால் 5 என்று போகும். 2018 திருத்தத்தில் வெள்ளைப் பொட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்: கசிவு ஈரலுக்குள்ளேயே அடங்கியிருந்தால் குறைந்தது 3, வயிற்றுக்குள் கொட்டினால் 4. கிரேடு 4 என்று கேட்டதும் மயங்கி விழ வேண்டாம், கிரேடு 2 என்றதும் டீ குடிக்கக் கிளம்பிவிடவும் வேண்டாம். கிரேடு 4 காயத்தோடு பிபி நின்று, கத்தி வைக்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

இப்போது எம்போலைசேஷனுக்கு வருவோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது, ஒவ்வொன்றும் கிளை ஆறாக, வாய்க்காலாக, கன்னியாகப் பிரிந்து கடைமடை வரைக்கும் போகிறது. எங்கேயோ நீடாமங்கலம் பக்கம் ஒரு வாய்க்காலில் உடைப்பு எடுத்துவிட்டது என்று வையுங்கள். உடைந்த கரையில் நின்றுகொண்டு மூட்டை மூட்டையாக மண்ணைக் கொட்டலாம், கொட்டக் கொட்டத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். கல்லணையிலேயே மொத்தத்தையும் அடைக்கலாம், ஆனால் டெல்டா முழுக்கக் காயும். விவரம் தெரிந்த ஆள் அந்த ஒரு வாய்க்காலின் தலைப்பு மதகைத் தேடிப் போய் அதை மட்டும் இறக்குவார். எம்போலைசேஷன் செய்கிற டாக்டரான ரேடியாலஜிஸ்ட் செய்வது இந்த மூன்றாவது வேலை.

தொடை இடுக்கில் தோலை மட்டும் மரத்துப்போக வைத்து, ஊசி போட்டு, ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுகிற உத்தியை ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953-ல் எழுதினார். ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இன்றைக்கு இதயத்துக்குச் செய்கிற ஆஞ்சியோவிலிருந்து இது வரைக்கும் எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. குழாயின் தடிமன் சுமார் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அது தொடைத் தமனியிலிருந்து மேலேறி, நடுவயிற்றில் ஓடுகிற பெருந்தமனிக்குப் போய், அங்கிருந்து முன்பக்கமாகக் கிளம்புகிற சீலியாக் என்கிற குட்டைக் கிளைக்குள் நுழைந்து, கல்லீரல் தமனிக்குத் திரும்பும். வழியெல்லாம் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, கான்ட்ராஸ்ட் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சிக்கொண்டே போவார்கள். எலும்பு, குடல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படத்திலிருந்து கழித்துவிடும், ரத்தக்குழாய் மட்டும் கறுப்புக் கிளைகளாகத் தெரியும். எல்லாருக்கும் கிளைகள் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. பத்துப் பேரில் ஒருவருக்காவது வலது மடலுக்குப் போகிற தமனி சீலியாக்கிலிருந்து வராமல், குடலுக்குப் போகிற தமனியிலிருந்து கிளம்பும். சீலியாக்கில் மட்டும் தேடிவிட்டு "கசிவு இல்லை" என்று முடித்துவிட்டால் தப்பாகிவிடும், அதனால் அதையும் பார்ப்பார்கள்.

கசிகிற கிளை கிடைத்ததும், பெரிய குழாய்க்குள்ளேயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாயை விட்டு அந்தக் கிளையின் உள்ளே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போவார்கள். அடைப்பதற்கு மூன்று நாலு பொருள் இருக்கிறது. பிளாட்டினத்தில் செய்த நுண்ணிய காயில்கள், குழாய் வழியாக நேராகப் போய் வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும், அதில் ஒட்டியிருக்கிற இழைகளில் ரத்தம் உறைந்து அடைத்துவிடும். ஜெல்ஃபோம் என்கிற ஜெலட்டின் பஞ்சைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி மருந்தில் ஊறவைத்துச் செலுத்துவது இன்னொன்று. சில வாரத்தில் அது தானாகக் கரைந்து, குழாய் திரும்பத் திறந்துகொள்ளும், விலையும் குறைவு. ரத்தம் உறைகிற சக்தியே போய்விட்டவர்களுக்குக் காயில் போட்டாலும் அதைச் சுற்றி உறையாது, அப்போது ரத்தத்தைத் தொட்டதும் கெட்டியாகிற ஒரு மருத்துவப் பசையைப் பயன்படுத்துவார்கள். எதை எப்போது என்பது கை தேர்ந்தவரின் கணக்கு. அடைத்த பிறகு இன்னொரு தரம் மருந்தைப் பீச்சி, பொட்டு மறைந்துவிட்டதா, வேறு கிளை வழியாகச் சுற்றி வந்து நிரப்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயை உருவுவார்கள். சுலபமான கேஸ் என்றால் அரை மணி, முக்கால் மணியில் முடியும், கிளை கிடைக்காமல் இரண்டு மணி நேரம் தாண்டுவதும் உண்டு. பல நேரம் நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார்.

தமனியை அடைத்தால் அந்தப் பகுதி ஈரல் செத்துப்போகாதா என்று யோசித்தீர்கள் என்றால் நல்ல கேள்வி. ஆற்றுப்பாசனமும் போர்செட்டும் இரண்டும் இருக்கிற வயலில் மதகை அடைத்தாலும் பயிர் கருகாதது மாதிரி, போர்ட்டல் சிரை அந்தப் பகுதியைக் காப்பாற்றிவிடும். ஈரலுக்கு வருகிற பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி அந்த வழியாகத்தான் வருகிறது. இந்த வசதி மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ கிடையாது. ஆனால் அந்தச் சிரையும் அடைபட்டவருக்கு, குடித்துக் குடித்து ஈரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆனவருக்கு, இந்தப் பாதுகாப்பு குறைவு. அதனால் குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்துகொண்டு வீட்டார் மறைக்கிற விஷயங்களில் இதுதான் முதல். பித்தப்பைக்குப் போகிற சின்னத் தமனியும் பக்கத்திலேயே கிளம்புகிறது, அதற்குள் பஞ்சு போய்விட்டால் பித்தப்பை அழுகிவிடும், அந்தக் கிளையைத் தாண்டிப் போய் அடைக்கப் பார்ப்பது அதனால்தான்.

இனி, இந்த முறையால் முடியாதது. தமனி வழியாகப் போய் அடைப்பதால் தமனிக் கசிவைத்தான் நிறுத்த முடியும். ஈரலின் பின்பக்கம் பெருஞ்சிரையோடு சேர்கிற இடத்தில் சிரை கிழிந்திருந்தால் அது சர்ஜனின் எல்லை, அவருக்குமே அது மிகக் கடினமான இடம். குடல் ஓட்டையாகியிருந்தால் திறந்துதான் ஆக வேண்டும். பிபி கீழே போய்க்கொண்டே இருக்கிறவரை ஆஞ்சியோ செய்கிற கேத் லேப்புக்குக் கொண்டுபோவது பெரும்பாலான இடங்களில் தப்பான முடிவு, அந்த ரூமில் வைத்துத் திடீரென்று வயிற்றைத் திறக்க முடியாது. ஆபரேஷன் தியேட்டரும் ஆஞ்சியோ மெஷினும் ஒரே அறையில் இருக்கிற ஹைபிரிட் தியேட்டர் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அப்படிப்பட்ட இடங்கள் சொற்பம். பெருந்தமனிக்குள் பலூனை ஊதி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துகிற ரெபோவா என்று ஒன்றைப் பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 2023-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் அதனால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை, இறப்பு கூடியிருக்கலாம் என்கிற பக்கம்தான் சாய்ந்தது. ஆகவே "அந்த பலூன் ஏன் போடல" என்று சண்டை போடாதீர்கள். திறந்து துணி வைத்து அமுக்கிய பிறகும் தமனிக் கசிவு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால், அங்கிருந்து நேரே ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோவதும் உண்டு. இரண்டும் எதிரெதிர் கட்சிகள் இல்லை.

பெரிய மெஷின் எதுவும் தேவைப்படாத ஒரு மருந்தையும் சொல்ல வேண்டும். டிரானெக்சாமிக் ஆசிட். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கிற சாதாரண ஊசி, சின்ன ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும், விலையும் பெரிசில்லை. 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளில் இதைக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு குறைந்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதற்கு அப்புறம் கொடுத்தால் கெடுதலாகவும் முடியலாம். விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று எமர்ஜென்சியில் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். "சாயங்காலம் சார்" என்று சொல்லாமல் மணியைச் சொல்லுங்கள்.

அடைத்தாயிற்று, பிபி நிற்கிறது, கதை முடிந்ததா? மோசமான காயங்களில் முடியாது, இதைத்தான் வீட்டார் எதிர்பார்ப்பதில்லை. காயில் போட்ட மறுநாள் காய்ச்சல் அடிக்கலாம், அடைபட்ட பகுதி கொஞ்சம் நலிவதால் வருவது, பெரும்பாலும் இறங்கிவிடும். அறுந்த பித்தக்குழாயிலிருந்து பித்தநீர் கசிந்து வயிற்றில் தேங்குவது அடுத்த வாரத் தொல்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஒரு மெல்லிய குழாயை வைத்து வடியவிடுவார்கள், அதற்கும் நிற்கவில்லை என்றால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தக்குழாயின் வாயில் ஸ்டென்ட் வைப்பார்கள், ஈஆர்சிபி என்பது அதுதான். வயிற்றில் தேங்கிய பழைய ரத்தமும் பித்தமும் எரிச்சல் கொடுத்தால், மூன்று நாலு நாள் கழித்து லேப்ராஸ்கோப்பி வழியாகக் கழுவி எடுப்பதும் உண்டு. செத்த பகுதியில் சீழ் பிடித்தால் அதற்கும் குழாய். "ஒரு ஓட்டைதான் போடறோம்னாங்க, இப்ப மூணு ஓட்டை" என்று புலம்புவார்கள். மூன்று ஓட்டையும் சேர்த்தாலும் நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் தாண்டித் திறக்கிற ஒரு வெட்டைவிடச் சின்னதுதான், இடையில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கிரேடு 4, 5 காயம் போகிற பாதையே இப்படித்தான்.

நம்ம ஊர் நிலவரம் கொஞ்சம். 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது, ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோவதைவிட அது எப்போதும் மேல். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி டெல்டாவுக்கே பழைய புகலிடம், திருவாரூரிலும் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்தில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ வருகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் சி.டி. ஸ்கேன் இருப்பது வேறு, ராத்திரி இரண்டு மணிக்கு எம்போலைசேஷன் செய்யத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் இருப்பது வேறு. இந்த வேலையைச் செய்கிறவர்கள் இன்னும் பெரிய ஊர்களில்தான் குவிந்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தமும் ஊசியும் கொடுத்துவிட்டு மேலே அனுப்பினால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அங்கேயே திறந்து அமுக்கிவிட்டு அனுப்பினாலும் அது சரியான முடிவாக இருக்கலாம். போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு: 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் ஒரு உச்சவரம்புத் தொகை வரை கட்டணமில்லாமல் கிடைக்கும். சாலை விபத்துக்கு மட்டும்தான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவருக்கும் வரப்பில் டிராக்டர் கவிழ்ந்தவருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையோ அரசு ஆஸ்பத்திரியையோதான் நம்ப வேண்டும். உழவு செய்கிற மண்ணில் இந்த ஓட்டை இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரோட்டில் கிடப்பவரைத் தூக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராமல் பாதுகாக்கிறது, பேரைச் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் தண்ணீர், சோடா, டீ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும். வயிற்றில் தைலம் தேய்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, "பிடிச்சுக்கிச்சு, சுளுக்கு எடுக்கணும்" என்று அமுக்குவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், நின்றிருந்த கசிவைத் திரும்பக் கிளப்பும். இதயத்துக்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஹேண்டில்பார் குத்தியது, வண்டி மேலே விழுந்தது, எத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தார் என்பதைப் பார்த்தவர் ஒருவர் கூடவே போய்ச் சொன்னால் பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு ஈரல் நன்றாகவே ஆறும், உடம்பில் இவ்வளவு வளர்ந்துகொள்கிற உறுப்பு வேறில்லை. ஆனால் ஆறுகிறவரைக்கும் நெல் மூட்டை தூக்குவது, மரம் ஏறுவது, கபடி, வண்டியில் மேடுபள்ளமான ரோட்டில் குலுங்கிக்கொண்டு போவது கூடாது, பெரிய காயம் என்றால் டாக்டர்கள் இரண்டு மூன்று மாதமாவது சொல்வார்கள். நடுகைக்கு ஆள் இல்லை என்று மூன்றாவது வாரமே வயலில் இறங்கிவிடுவதுதான் நம்ம பக்கத்து வழக்கம். சாராயம் சுத்தமாகக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இது சில வாரம் கழித்துக்கூட வரும்: காயம்பட்ட தமனியின் சுவர் பலூன் மாதிரி உப்பி, பித்தக்குழாய்க்குள் வெடித்தால் ரத்தம் குடலுக்குப் போகும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, கண் மஞ்சளாவது, வலது மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி. இதில் எது வந்தாலும் மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய சி.டி. படத்தையும் எடுத்துக்கொண்டு அடைப்பு போட்ட அதே ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கிளம்புங்கள். அதையும் பெரும்பாலும் இன்னொரு காயில் போட்டே நிறுத்திவிடலாம்.